கரண்ட் போனால் எது ஓட வேண்டும்? கொங்கு நாட்டு வீடுகளுக்கு இன்வெர்ட்டர், பேட்டரி, சோலார் தேர்வு செய்ய முழு வழிகாட்டி

பேட்டரிக் கடைக்குள் கால் வைத்ததும் வருகிற முதல் கேள்வி, "எத்தனை ஃபேனுங்க, எத்தனை லைட்டுங்க?" நாலு ஃபேன், ஆறு லைட், ஒரு டிவி என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் பில் புத்தகம் வெளியே வந்துவிடும். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. உங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகிறது, எப்படிப் போகிறது, எத்தனை மணி நேரம் கழித்துத் திரும்புகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும் என்ற காலம் அது. இன்றைக்கு நிலைமை வேறு. ஆனால் பல கடைகளில் போடுகிற கணக்கு இன்னும் அந்த 2012-ஆம் ஆண்டுக் கணக்குதான்.

முதல் படி: ஊரின் மின்தடையைத் தெரிந்துகொள்வது

நம் பக்கத்தில் கரண்ட் போவதற்கு நாலு காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மாதாந்திரப் பராமரிப்பு முதலாவது. துணை மின்நிலையம் வாரியாக, காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலை 4 மணிக்கோ 5 மணிக்கோதான் கொடுப்பார்கள். முந்தின நாள் பேப்பரிலேயே ஊர்ப் பட்டியல் வந்துவிடும். உங்கள் வீட்டுக்கு எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து லைன் வருகிறது என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். பட்டியலில் உங்கள் தெரு பெயர் இல்லாமல் மின்நிலையத்தின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. வழக்கமாக வருகிற மின்தடைகளில் நீளமானது இதுதான் என்பதால், வாங்கப் போகிற சாமான் இந்த ஏழு, எட்டு மணி நேரத்தைத் தாங்க வேண்டும். ஆனால் இது பகலில் வருவது, முன்கூட்டியே தெரிந்து வருவது. இந்த இரண்டும் செலவைக் குறைக்கும்; எப்படி என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

அடுத்து ஆனி, ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் பொள்ளாச்சித் தோப்புகளில் தென்னை மட்டையைக் கம்பி மேல் தள்ளிவிடுகிறது. பத்து நிமிடம் போகும், வரும், மறுபடி போகும். கம்பம் சாய்ந்துவிட்டால் மட்டும் ராத்திரி முழுக்க இருட்டு.

மூன்றாவது, சித்திரையில் வரும் கோடை மழையும் ஐப்பசி மழையும். பொழுதோட இடி இடித்ததும் நிற்கும். லைன்மேன் வந்து பார்க்கிற வரை வராது.

நான்காவது லோ வோல்டேஜ். இதை யாரும் மின்தடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில், த்ரீ ஃபேஸ் கொடுக்கிற நேரத்தில் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒருசேர ஓட ஆரம்பித்தால், வீட்டில் 230 வோல்ட்டுக்குப் பதில் 170-க்கும் கீழே இறங்கிவிடும். இன்வெர்ட்டர் வாங்குகிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

கேலண்டரில் கரண்ட் போகிற நாளையும் நேரத்தையும் கொஞ்ச காலம் குறித்து வாருங்கள். அடிக்கடி போகிறது என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிப் பாருங்கள். தெருக் கம்பத்தில் கம்பிகளை இணைக்கிற ஒரு பழுதான ஜம்பரைச் சரிசெய்தால் தீர்கிற தொல்லைக்கு, முப்பதாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பல நேரம் ஒரு ஃபேஸ் மட்டும்தான் போயிருக்கும். ஒரு ஃபேஸ் செலக்டர் சுவிட்ச் போட்டு, ஃபேன், லைட் லைனை உயிரோடு இருக்கிற ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் விலையோடு பார்த்தால் அது சில்லறைச் செலவு.

இரண்டாவது படி: ஓட வேண்டியதும் ஓட வேண்டாததும்

வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் எழுதாதீர்கள். கரண்ட் இல்லாதபோது இல்லாமல் முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 70 முதல் 75 வாட். கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் முழு வேகத்திலும் 30 வாட்டை ஒட்டித்தான். எல்.இ.டி. பல்பு 9 வாட், எல்.இ.டி. டியூப் 20 வாட், வைஃபை ரவுட்டர் 10 முதல் 12 வாட், 32 இன்ச் டிவி 50 வாட் சுமார், லேப்டாப் சார்ஜ் ஏறும்போது 50, 60 வாட்.

அம்மா, அப்பாரு, அமுச்சி யாராவது ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரில் இருந்தால் அந்த ஒரு சாமானே 300 வாட்டைத் தாண்டும். அது தொடர்ந்து ஓட வேண்டியது. அந்த வீட்டுக் கணக்கே வேறு: பேட்டரியோடு நிரப்பிய சிலிண்டர் ஒன்றும் கையிருப்பில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

மோட்டாரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். கிளம்பும்போது அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அதைத் தாங்குகிற இன்வெர்ட்டர் வாங்கினால் விலை இரட்டிப்பாகும், பேட்டரி அரை மணியில் சோர்ந்துவிடும். ஷட்டவுன் நாள் முன்கூட்டியே தெரியும் அல்லவா? முந்தின ராத்திரியே சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றிவிடுங்கள். தொட்டித் தண்ணீர் போதாத வீடு என்றால் பேட்டரியைப் பெரிதாக்குவதை விட இன்னொரு சின்டெக்ஸ் தொட்டி வைப்பது மலிவு. பம்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு மோட்டாரை ஒதுக்கச் சொல்கிறேன் என்று வருத்தம் வேண்டாம்.

கிரைண்டரும் அப்படித்தான். புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூர் வெட் கிரைண்டரில் மேசை மேல் வைக்கிற சின்ன வகைக்கு 150 வாட்தான். இன்வெர்ட்டரில் ஓட்ட முடியும். ஆனாலும் மாவை முந்தின நாள் ஆட்டிவிட்டால் வேலை முடிந்தது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு நான்கையும் மறந்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜ்தான் பேச வேண்டியது. கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். முந்தின நாளே ஃப்ரீசரில் நாலைந்து பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, கரண்ட் நின்றதும் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் இன்னும் சித்த நேரம் தாங்கும். பாலும் தயிரும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது போதும். இன்சுலின் இருக்கிற வீடு, பால் பொருள் வியாபாரம் செய்கிற வீடு என்றால் ஃப்ரிட்ஜைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புது வகை இன்வெர்ட்டர் கம்ப்ரசர் மெதுவாகக் கிளம்பும். பழைய வகை கிளம்பும்போது ஒரு நொடி பல மடங்கு இழுத்து, சின்ன இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கிவிடும்.

மூன்றாவது படி: எல்லாவற்றையும் யூனிட்டில் போடுங்கள்

வி.ஏ. (இன்வெர்ட்டரின் அளவு), ஏ.ஹெச். (பேட்டரியின் கொள்ளளவு), வோல்ட் என்று கடையில் மூன்று பாஷை பேசுவார்கள். நமக்குத் தெரிந்த பாஷை ஈ.பி. அட்டையில் இருக்கிற யூனிட். ஒரு யூனிட் என்றால் ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. அதிலேயே கணக்குப் போட்டால் எதையும் எதோடும் ஒப்பிடலாம்.

கடைகளில் அதிகம் விற்கிற 150 ஏ.ஹெச்., 12 வோல்ட் டியூபுலர் ஈய பேட்டரியை எடுங்கள். பெருக்கினால் 1800 வாட் மணி வரும். ஆனால் ஈய பேட்டரியை ஒட்ட வடித்தால் ஆயுள் போய்விடும். இன்வெர்ட்டர் மாற்றித் தருவதிலும் கொஞ்சம் வீணாகும். போக, 150 ஏ.ஹெச். என்பது பெரும்பாலும் 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைக்கிற அளவு. அதைத்தான் சி20 என்று அட்டையில் போட்டிருப்பார்கள். வேகமாக இழுத்தால் அவ்வளவு வராது. சி10 என்று போட்டிருக்கும் பேட்டரி அதே எண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் உள்ளது. இத்தனையும் கழித்துப் பார்த்தால், ஒரு 150 ஏ.ஹெச். பேட்டரி நம் கையில் கொடுப்பது ஏறக்குறைய ஒரு யூனிட். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

பெருந்துறையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஷட்டவுன் நாளில் பகலில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு சாதாரண ஃபேன் 150 வாட், ரவுட்டர் 12, லேப்டாப் 50. மொத்தம் 212 வாட். ஏழு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். ஒரு பேட்டரி பத்தாது. கடைக்காரர் இரண்டு பேட்டரி போடுகிற 24 வோல்ட் இன்வெர்ட்டரைக் காட்டுவார். அதற்குப் பதில் அந்த இரண்டு ஃபேனையும் பி.எல்.டி.சி.க்கு மாற்றிப் பாருங்கள். 122 வாட்தான், ஏழு மணி நேரத்துக்கு 0.85 யூனிட். ஒற்றைப் பேட்டரியில் முடிந்துவிடும். ராத்திரிக் கணக்கும் இதேபோல்: மூன்று பி.எல்.டி.சி. ஃபேன், இரண்டு சின்ன லைட், ரவுட்டர் என்றால் எட்டு மணி நேரம் விடியும் வரை ஓடும். அதே மூன்றும் பழைய ஃபேன் என்றால் நாலு மணி நேரத்தில் பீப் சத்தம் கேட்கும்.

ஆகவே என் கருத்து இது: இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஃபேன். இரண்டு, மூன்று ஃபேனுக்கு ஆகிற செலவு இன்னொரு பேட்டரியின் விலைக்குள் அடங்கும். பேட்டரி சில வருஷத்தில் ஈய விலைக்குப் போகும். ஃபேன் ஒவ்வொரு ஈ.பி. பில்லையும் குறைத்துக்கொண்டிருக்கும்.

நான்காவது படி: ஈயமா, லித்தியமா

டியூபுலர் ஈய பேட்டரிக்கு விலை குறைவு, எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு, பழசானால் ஈய மதிப்புக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலிலிருந்து ஆறு வருஷம் வரும். குறைகள்: ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், முழுக்க ஏறப் பத்து மணி நேரமாவது வேண்டும். ஆடிக் காற்றில் நாளெல்லாம் போய்ப் போய் வந்தால் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. அரை வயிற்றோடு பல நாள் கிடக்கிற ஈய பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும்.

லித்தியம் என்று கேட்டால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்கிற எல்.எஃப்.பி. வகையா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஏற்றது அதுதான். 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். லித்தியம் கொடுப்பதும் அதே ஒரு யூனிட்தான். எண் சிறிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அதை 90 சதவீதம் வரை வடிக்கலாம். சீக்கிரம் ஏறும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், சுவரில் மாட்டலாம், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். விலை அதிகம். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்க வேண்டும். பழைய ஈய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டக் கூடாது.

மாதம் ஒரு ஷட்டவுன், எப்போதாவது ஒரு மழைத் தடை என்றிருக்கும் கோவை, ஈரோடு நகர வீட்டுக்கு ஈயமே போதும் என்பேன். தினமும் இரண்டு, மூன்று முறை போகிற ஊரானால், அல்லது வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் இருந்தால், லித்தியத்துக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் வீண் போகாது.

ஐந்தாவது படி: இன்வெர்ட்டர் பெட்டி

லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையாகக் கொடுக்கிற ப்யூர் சைன் வேவ் மட்டும் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் ரீங்காரம் போடும், மோட்டார் சூடாகும். மிச்சமாகிற ஆயிரம், இரண்டாயிரத்துக்கு அந்தத் தொல்லை ஏன்?

900 வி.ஏ. என்று எழுதியிருந்தால் 900 வாட் கிடையாது. 700 வாட்டுக்கு முன்னே பின்னே இருக்கும். வாட் எவ்வளவு என்பது அட்டையில் தனியாக இருக்கும், அதைப் பாருங்கள். மேலே சொன்ன வீடுகளுக்கு 900 தாராளம். பழைய ஃப்ரிட்ஜும் ஓட வேண்டும் என்றால்தான் 1500-க்கு மேல், இரண்டு பேட்டரி. அப்படிப் போனால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற நேரும்.

பெட்டியின் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யு.பி.எஸ்., இன்னொரு பக்கம் நார்மல். யு.பி.எஸ்.ஸில் வைத்தால் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் மாறும். ஆனால் லைன் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்குத் தாவிவிடும். நார்மலில் 100 வோல்ட் சுமார் வரை லைனிலேயே நிற்கும். லோ வோல்டேஜ் உள்ள தோட்டத்துச் சாளையில் அதை யு.பி.எஸ்.ஸில் விட்டுவிட்டால், கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகி, நிஜமாகப் போகும்போது ஒன்றும் இருக்காது. "புது பேட்டரிங்க, அரை மணி கூட நிக்க மாட்டேங்குது" என்கிற புகார்களில் கணிசமானவை இந்தச் சுவிட்ச் சமாச்சாரம்தான். டெஸ்க்டாப் இல்லாத வீட்டுக்கு நார்மலே நல்லது. வோல்டேஜ் நாள் முழுக்கக் குறைவாகவே இருந்தால் மெயின் லைனுக்கு ஸ்டெபிலைசர் போட்ட பிறகுதான் இன்வெர்ட்டரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆறாவது படி: சோலாரும் ஜெனரேட்டரும்

மாடியில் சோலார் போட்டால் கரண்ட் போனாலும் வீடு ஓடும் என்று நினைத்துப் போடுகிறவர்கள் நிறைய. ஈ.பி. லைனோடு இணைத்த ஆன் கிரிட் சோலார் அப்படி ஓடாது. லைன் நின்றதும் அதுவும் நின்றுவிடும். நல்ல உச்சி வெயிலிலும் வீடு இருட்டுதான். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் மேல் நம் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. மின்தடைக்கும் உதவ வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேட்க வேண்டும். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். அது லைனோடு இணைத்த சோலாருக்குத்தான். தனியாக ஓடும் ஆஃப் கிரிட்டுக்குக் கிடையாது.

ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கத்து வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் சுமார் தரும். மாதாந்திர ஷட்டவுன் வருவது சரியாக வெயில் நேரத்தில் என்பதால், ஹைபிரிட்டோடு சின்ன பேட்டரி ஒன்று இருந்தாலே அந்த நாள் ஓடிவிடும். ஆனால் அரசு கொடுக்கிற இலவச யூனிட் போக, அதற்கு மேல் கொஞ்சம்தான் ஓடுகிறது என்கிற வீட்டுக்குப் பில் மிச்சத்தைக் காட்டி யாராவது சோலார் விற்க வந்தால் நிதானமாக இருங்கள். போட்ட பணம் திரும்ப வெகு காலம் ஆகும். ஏ.சி. ஓடுகிற வீட்டுக்குத்தான் கணக்கு சரிவரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நிழல் ஒரே பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி குறையும். பல்லடம், உடுமலைப் பக்கம் பேனலைத் தாங்குகிற ஸ்டாண்டும் போல்ட்டும் ஆடிக் காற்றைத் தாங்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெட்ரோல் ஜெனரேட்டர், கம்பம் சாய்ந்தால் இரண்டு நாள் ஆகும் என்கிற தூரத்துத் தோட்டத்துக்கு மட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு யூனிட் சுமார்தான் கிடைக்கும். அதாவது ஒரு யூனிட்டுக்கு அரை லிட்டர் பெட்ரோல் விலை. கிணற்று மோட்டாரே ஓட வேண்டும் என்றால் டிராக்டரில் மாட்டுகிற ஆல்டர்னேட்டர்தான் வழி. இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. வீட்டுக்குள், போர்ட்டிகோவில், ஜன்னலோரத்தில் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. அதன் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஈ.பி. லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் பாயிண்டில் சொருகிக் கொடுக்கவும் கூடாது. நம் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தலைகீழாகப் போய் ஹெச்.டி. எனும் உயரழுத்தக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். பழுது பார்க்க மேலே ஏறியிருப்பவர் உயிர் அதில் போகும்.

தறிக்குடோன், கோழிப்பண்ணைக்கெல்லாம் டீசல் செட் கணக்கு தனி. அதை இங்கே கலக்கவில்லை.

ஏழாவது படி: இடமும் வயரிங்கும்

பேட்டரி இருக்கிற இடத்தில் காற்று ஓட வேண்டும். ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும். சமையலறை, கேஸ் சிலிண்டர் பக்கம், பூஜை அறை, மூடிய படிக்கட்டு அலமாரி எதுவும் ஆகாது. மேற்கு வெயில் அடிக்கிற சுவரும் ஆகாது. பத்து டிகிரி சூடு கூடினால் பேட்டரி ஆயுள் பாதியாகும் என்பது தோராயக் கணக்கு. கரூர் பரமத்தி மாதிரி கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஹாலை ஒட்டிய, வடக்குப் பக்க வராந்தா மூலை நல்ல இடம்.

இன்வெர்ட்டர் லைனைத் தனியாகப் பிரித்து, அதில் ஃபேன், லைட், 6 ஆம்ப் பிளக் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். 16 ஆம்ப் பிளக் எதுவும் அதில் வரக் கூடாது. விருந்தாளி யாராவது கெட்டிலைச் சொருகினால் அதோடு முடிந்தது. கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்துகிற ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைன்களோடு கலந்துவிட்டால் சும்மா சும்மா டிரிப் ஆகும். பழைய வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி, நியூட்ரலைப் பிரிக்க ஒரு நாள் கூலி சேர்ந்தாலும் கொடுத்துவிடுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

எட்டாவது படி: வாங்குகிற நாளும் அதற்குப் பிறகும்

பேட்டரி மேல் தயாரித்த மாதம் பொறித்திருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்; மாதக்கணக்கில் கடையில் சார்ஜ் ஏறாமல் கிடந்ததை வாங்காதீர்கள். வாரண்டி 36+24 என்றால் ஐந்து வருஷம் இலவசம் என்று அர்த்தமில்லை. முதல் 36 மாதம் மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் புது பேட்டரியின் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி, அவ்வளவுதான். வாரண்டி கார்டில் வரிசை எண், தேதி, கடை முத்திரை மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மாட்டி முடித்ததும் ஆட்களை உடனே அனுப்பிவிடாதீர்கள். மெயினை அணைத்து, பட்டியலில் எழுதிய சாமான்களை எல்லாம் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் அதே சோதனையைச் செய்தால் பேட்டரி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரியும்.

ஈய பேட்டரிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஈ.பி. பில் கட்டுகிற அன்றைக்கே, தண்ணீர் மட்டம் பாருங்கள். மிதவை பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் நின்றால் ஊற்ற வேண்டாம். சிவப்புக்கு இறங்கும் முன் ஊற்றினால் போதும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். சிறுவாணித் தண்ணீர் ருசிக்குப் பேர்போனதாக இருக்கலாம், பேட்டரிக்கு ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். ஆசிட் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

பழைய பேட்டரியைத் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போவார்கள். புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் கேட்டு, அதன் தொகையைப் பில்லில் தனி வரியாகக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.